புராஸ்டேட் புற்றுநோயின் போக்கை உணர்த்தும் உயிரணுக் குறிப்பான்கள்

புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் எல்லோரிடத்தும் ஒரே போக்கில் வளர்வதில்லை. சிலரிடம் அது பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கும். வேறு சிலரிடம் விரைவில் எலும்பை எட்டிவிடும். முன்னவருக்கு அறுவை செய்தால் சிறுநீர்க் கட்டுப்பாடின்மையும் விறைப்புக் குறைபாடுமே மிஞ்சக்கூடும். பின்னவருக்கோ காத்திருத்தலே உயிருக்கு இறுதியாகலாம். இவ்விருவரையும் பிரித்தறியவே உயிரணுக் குறிப்பான்கள் தேடப்படுகின்றன.

இரத்தத்தில் அளக்கப்படும் பி.எஸ்.ஏ. புரதம் சுரப்பிக்குரிய குறிப்பானேயன்றிப் புற்றுக்குரியதன்று. தீங்கற்ற வீக்கத்திலும் அழற்சியிலும் அது உயரும். டொனால்டு கிளீசன் 1960களில் வகுத்த தரப்பாடு திசுவின் அமைப்பைக் கொண்டு நோயை மதிப்பிடுகிறது. அதில் 3+4, 4+3 இரண்டின் கூட்டுத்தொகையும் 7. எனினும் பின்னதன் போக்கே கடுமையானது. ஒரே தரத்தினருள்ளும் நோய் வெவ்வேறாக நடப்பதனால், உயிரணுவின் உள்ளே நோக்க வேண்டியதாகிறது.

கே.ஐ-67 புரதம் உயிரணு பிரிதற் சுழற்சியில் இருக்கும்போது உட்கருவில் காணப்படும், ஓய்வுநிலையில் காணப்படாது. சாயமேறிய உட்கருக்களின் விழுக்காடு மிகுந்தால் நோய் விரையும் எனக் கொள்வர். ஆனால் புராஸ்டேட் புற்று பொதுவாக மெதுவாகப் பெருகுவதால் இவ்விழுக்காடு சிறியதாகவே இருக்கும்; எப்பகுதியை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடும்.

பீட்டென் இவ்வகையில் தெளிவானது. 10ஆம் குரோமோசோமில் அமைந்த இம்மரபணுவின் புரதம் உயிரணு வளர்ச்சிக்குத் தடையாக நிற்பது. அதனை இழந்த புற்றுக் கூட்டம் சாயமேறாது வெளிறித் தோன்ற, அருகிலுள்ள இயல்பான சுரப்பிகள் சாயமேறி நிற்கும். ஆகவே சாயமேற்றல் பிழைபட்டதோ என்னும் ஐயத்திற்கு விடை அதே கண்ணாடித் தகட்டிலேயே கிடைக்கிறது. இங்கு இன்மையே குறிப்பானாகிறது என்பது கருதத்தக்கது.

2005இல் கண்டறியப்பட்ட டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2-ஈ.ஆர்.ஜி. மரபணு இணைவு மேலை நாட்டு நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் உள்ளது. புற்றின் தோற்றத்தை அது காட்டினும், அதன் போக்கை உறுதியாகக் காட்டுவதில்லை.

ஏ.ஆர்-வி7 வேறு வகையைச் சார்ந்தது. ஹார்மோன் பற்றும் பகுதியை இழந்தும் இயங்கும் இவ்வேற்பி வடிவம் இரத்தத்தில் உலவும் புற்றணுக்களில் காணப்பட்டால், என்சாலுடமைடு, அபிரடெரோன் ஆகிய மருந்துகள் பயன்தரும் வாய்ப்பு குறைவு என 2014இல் அறியப்பட்டது. நோயின் போக்கைக் கூறுவதும் மருந்தின் பயனைக் கூறுவதும் வெவ்வேறு. தமிழில் இரண்டையும் 'முன்கணிப்பு' என்றே எழுதுவது குழப்பத்தை விளைவிக்கும்.

இவற்றுள் திசுக் குறிப்பான்களுக்கு ஓர் எல்லை உண்டு. இப்புற்று ஒரே சுரப்பியில் பல இடங்களில் தனித்தனியே முளைக்கும் இயல்பினது. ஊசி எடுத்துவந்த திசுவைப் பற்றியே அவை பேசும். ஊசி தொடாத இடத்தைப் பற்றி அவை எதுவும் கூறா.