நாகமான் வீட்டுச் சிறுமி பேசினாள், நாம்?



ஞாயிறு ஆராதனையில் கரங்களை உயர்த்தி ஆண்டவரை உரத்த சத்தமாய் மகிமைப்படுத்துகிறோம். திங்கட்கிழமை, “நேற்று எங்கே போயிருந்தீர்கள்?” என்று உடன் வேலை செய்பவர் கேட்டால், “சும்மா, வெளியே” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். சபையில் கட்டவிழ்ந்த நாவு அண்டை வீட்டு வாசலில் மட்டும் ஏன் கட்டப்படுகிறது?

தயக்கம் புதியதல்ல

“இந்த ஊர் பாஷை எனக்குச் சரியாக வராது, கேள்வி கேட்டால் பதில் தெரியாது, பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு?” இவையே நாம் சொல்லும் காரணங்கள். மோசே தன் திக்குவாயைக் காட்டினான் (யாத். 4:10). எரேமியா தன் இளவயதைக் காட்டினான் (எரே. 1:6). கர்த்தர் அவர்கள் குறையைப் பற்றி வாதாடவில்லை. தாம் கூட இருப்பதாக மட்டுமே வாக்களித்தார்.

பேதுருவைப் பாருங்கள். வாசல் காக்கிற ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு அஞ்சி ஆண்டவரை மறுதலித்தான் (யோவான் 18:17). சில வாரங்களுக்குப் பின் அதே எருசலேமில் எழுந்து நின்று பேசினான்; அன்று ஏறக்குறைய 3000 பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் (அப். 2:41). பரிசுத்த ஆவியானவர் அவன்மேல் வந்திருந்தார். பயமுறுத்தல் வந்தபோதும் ஆதிச் சபை தைரியத்தையே கேட்டு ஜெபித்தது (அப். 4:29).

ஊரைவிட்டு வந்தவர்களின் சாட்சி

நாகமானின் வீட்டில் இருந்த இஸ்ரவேல் சிறுமி சிறைபிடிக்கப்பட்டுச் சீரியாவுக்கு வந்தவள். அவள் பெயரும் எழுதப்படவில்லை. அவள் பிரசங்கிக்கவில்லை, எஜமானின் குஷ்டரோகத்தைக் கண்டு மனதுருகி, சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி உண்டென்று நாச்சியாரிடம் ஒரே வாக்கியம் சொன்னாள் (2 இராஜா. 5:3). அந்த வாக்கியம் ஒரு படைத்தலைவனை யோர்தான் நதிவரை கொண்டுபோனது.

ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கொரிந்துவில் கூடாரம் பண்ணிப் பிழைத்தார்கள் (அப். 18:2, 3). பின்பு எபேசுவில் அப்பொல்லோவுக்கே தேவனுடைய மார்க்கத்தை விளக்கிக் காட்டினார்கள். கைத்தொழில் அவர்கள் சாட்சிக்குத் தடையாகவில்லை. மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூருவிலும் உழைக்கிற நமக்கு இவர்கள் அந்நியரா?

நம் தேசத்திலும் இது நடந்தது. 1905ஆம் ஆண்டு, புனே அருகே கேட்காவில், பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் உண்டானது. பஞ்சத்தில் தப்பிய பெண்களும் இளம் விதவைகளுமே அங்கு திரளாய் இருந்தார்கள். உலகம் தள்ளிவிட்ட அந்தப் பெண்கள் குழுக்களாய்ச் சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று சாட்சி பகர்ந்தார்கள்.

சட்டத்தை அறிந்து பேசுங்கள்

பயத்திற்கு ஒரு பகுதி அறியாமையே காரணம். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. ஒடிசா 1967இலும் மத்தியப் பிரதேசம் 1968இலும் சட்டம் இயற்றின. பிற்காலத்தில் வேறு பல மாநிலங்களும் இயற்றின. ஆகையால் நீங்கள் வாழும் மாநிலத்தின் சட்டத்தைச் சபை மூப்பரிடம் கேட்டறியுங்கள். பணமோ வேலையோ காட்டி ஒருவரையும் அழைக்காதிருங்கள். மனிதனை மாற்றுகிறவர் ஆவியானவர். நாம் சாட்சிகள் மாத்திரமே.

எங்கே தொடங்குவது?

முதலாவது, மூன்று பேருடைய பெயரை எழுதி அனுதினமும் ஜெபியுங்கள்.

இரண்டாவது, உங்கள் சாட்சியை மூன்று நிமிடத்தில் சொல்லும்படி இந்த ஊர் மொழியில் பழகுங்கள். பெந்தெகொஸ்தே நாளில் அவரவர் தங்கள் தங்கள் ஜென்மபாஷையிலே கேட்டார்கள் அல்லவா? அந்நிய பாஷையில் ஜெபிக்கிற நாம், அண்டை வீட்டாரின் பாஷையில் பத்து வாக்கியம் கற்கலாகாதா?

மூன்றாவது, அவர்கள் வீட்டில் வியாதியோ துக்கமோ நேர்ந்தால் முதலில் போய் உதவுங்கள். பின்பு, “உங்களுக்காக ஜெபிக்கலாமா?” என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாதிருங்கள், சிநேகத்தை விடாதிருங்கள்.

நான்காவது, பிறருடைய வழிபாட்டை ஒருபோதும் இழிவாய்ப் பேசாதிருங்கள். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லவே வேதம் கற்பிக்கிறது (1 பேதுரு 3:15). தெரியாத கேள்விக்கு, “கேட்டுச் சொல்கிறேன்” என்பது வெட்கமல்ல.

பிரியமானவர்களே, நாகமானின் வீட்டில் அந்தச் சிறுமி மவுனமாயிருந்தால், அவன் தன் குஷ்டரோகத்தோடே மரித்திருப்பானோ என்னவோ! உங்கள் சுவருக்கு அப்பால் இன்றிரவு யார் உறக்கமின்றி அழுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? இவ்வாரம் ஒருவரிடம், ஒரே வாக்கியம் பேசுங்கள். கர்த்தர் தாமே உங்கள் உதடுகளைத் திறந்தருளுவாராக. ஆமென்.