கண்டெய்னருக்குள் ஒரு தூக்கம்

டெங்கில்காரர்களிடம் “உங்க ஊர்ல பார்க்க என்னா இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். பாயா இண்டா ஈரநிலத்து முதலையைச் சொல்வார்கள். கொஞ்சம் யோசித்து அங்கிருக்கும் நீர்யானையையும் சேர்த்துக்கொள்வார்கள். ஹோட்டலைச் சொல்ல மாட்டார்கள். ஹோட்டல் என்பது வெளியூர்க்காரன் தூங்குகிற இடம், நமக்கென்ன என்ற எண்ணம்.

எனக்கோ விசித்திர ஹோட்டல் என்றாலே கால் தரையில் நிற்காது. ஸ்வீடனில் யுக்காஸ்யார்வி என்ற கிராமத்தில் ஆண்டுதோறும் ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்து ஹோட்டல் கட்டுகிறார்கள். கோடை வந்தால் அது உருகி மறுபடி ஆற்றுக்கே போய்விடும். ஸ்டாக்ஹோம் விமான நிலையத்தில் பழைய போயிங் 747 ஒன்றையே ஹோட்டலாக்கினார்கள். நைரோபியில் காலைப் பசியாற உட்கார்ந்தால் ஒட்டகச்சிவிங்கி சன்னல் வழியாகத் தலையை நீட்டும். இதற்கெல்லாம் டிக்கெட் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவளுக்கு, டெங்கிலிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் கப்பல் கண்டெய்னருக்குள் படுத்துத் தூங்கலாம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்!

இடம் கேஎல்ஐஏ 2 விமான முனையம். இப்போது டெர்மினல் 2 என்கிறார்கள். எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. 2014-இல் திறந்த அந்த முனையத்தை ஒட்டிய பேரங்காடியின் முதல் தளத்தில், பஸ் வந்து நிற்கும் பக்கமாகப் போனால் கேப்சூல் டிரான்சிட் ஹோட்டல். முன்னே ஏதோ துறைமுகக் கிடங்கு போல நெளிநெளியான இரும்புக் கண்டெய்னர்கள். கிள்ளான் துறைமுகத்தில் லோரியில் ஏறிப் போகிறதே, அதே சாதி. அதற்குள்தான் மேலும் கீழுமாக இரண்டு வரிசைப் படுக்கைப் பெட்டிகள். மூன்று மணி நேரம், ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று வாடகை. இரவுக் கணக்கே கிடையாது. பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. நான் அங்கேதான் ஆறு மணி நேரத்துக்கு எடுத்தேன். விமானம் ஏதும் பிடிக்க அல்ல. சும்மா, ஆசைக்கு.

உள்ளே ஒரு மெத்தை, தலையணை, படிக்க ஒரு விளக்கு, செல்பேசிக்கு ஒரு பிளக். கால்மாட்டில் இழுத்துவிட ஒரு திரை. சன்னல் கிடையாது. எழுந்து உட்காரலாம், நிற்க முடியாது. திரையை இறக்கியதும் வெளியே சூட்கேஸ் உருளும் சத்தமும் அறிவிப்புகளும் எங்கோ போய்விடுகின்றன. ரகசியமாகச் சிரித்துக்கொண்டேன். சிறு வயதில் மேசைக்கடியில் போர்வையைத் தொங்கவிட்டு வீடு கட்டி விளையாடியவர்களுக்கு இந்தச் சிரிப்பு புரியும்.

தூங்கினேனா? கொஞ்சம். ஆனால் நான் வந்ததே திரைக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கத்தான். எதிர்வரிசையில் ஒரு பெட்டி காலியானதும் துப்புரவு செய்யும் அக்கா வந்தார். கையில் மடித்த விரிப்பு, தோளில் துண்டு. சாதாரண ஹோட்டல் கட்டிலுக்கு நாலு பக்கமும் சுற்றி வரலாம். இதற்கு ஒரே வாசல். அக்கா செருப்பைக் கழற்றினார், முழங்காலை ஊன்றி உள்ளே ஏறினார். முழு உடம்பும் மறைந்து, இரண்டு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து மெத்தையை அடித்துத் தட்டும் சத்தம். முதலில் தலைமாட்டு மூலைகள் இரண்டையும் செருகிவிட்டு, விரிப்பின் மேல் தன் முழங்கால் தடம் விழாமல் பின்னாலேயே நகர்ந்து, வழியெல்லாம் உள்ளங்கையால் நீவிக்கொண்டே, கடைசியில் கால்மாட்டு மூலையைச் செருகும்போது ஆள் வெளியே நிற்கிறார். ஒரு சுருக்கம் இல்லை!

“வெளிய நின்னு இழுத்தா வராதும்மா. உள்ள ஏறித்தான் ஆகணும். மேல் வரிசைன்னா ஏணி வேற.”

டெங்கிலில்தான் வீடாம். விடியும் முன்னே வேன் வந்து ஏற்றிக்கொள்ளுமாம். வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்றேன். “சன்னல் எங்கன்னு கேப்பாங்க. அப்புறம், மூச்சு முட்டாதான்னு கேப்பாங்க. அரை மணியில பார்த்தா கொறட்டை.” வீட்டில் கட்டில் விரிப்பது யார் என்று கேட்டதற்கு, “அது எம்மவ வேலை. நான் தொடவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குள் போய்விட்டார்.

அவர் அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான ஹோட்டலில் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்வார்கள், மூன்று மணிக்குப் புதியவர் வருவார். நடுவில் உள்ள நேரம் துப்புரவுக்கு. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இடத்தில் அந்த நடுநேரமே இல்லை. ஒரே மெத்தை ஒரு நாளில் நாலைந்து பேரைப் பார்த்துவிடலாம். நள்ளிரவிலும் ஆள் வருகிறார், அதிகாலை நாலுக்கும் ஆள் போகிறார். விரிப்பு மாற்றும் வேலைக்குக் காலை, மாலை என்று ஒன்றுமில்லை. பெட்டிக்குள் படுப்பது விளையாட்டு. பெட்டியை நடத்துவது விளையாட்டே இல்லை.

இப்போது என்னைத் துள்ள வைத்த விஷயத்துக்கு வருகிறேன். உலகின் முதல் கேப்சூல் ஹோட்டல் 1979-இல் ஜப்பானின் ஒசாகாவில் திறந்தது. கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஆள்கள் டாக்சிக்குக் காசை அழாமல் குறைந்த செலவில் படுத்து எழ ஏற்ற இடம். அதை வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா. அவர் 1972-இலேயே தோக்கியோவில் நக்காகின் கோபுரம் என்று ஒன்றைக் கட்டியிருந்தார். 140 பெட்டிகளை இரண்டு தூண்களில் போல்ட் போட்டு மாட்டிய கட்டடம். 25 ஆண்டுக்கு ஒருமுறை பெட்டிகளைக் கழற்றிப் புதிது மாட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். ஒன்றைக்கூட மாற்றாமலே 2022-இல் கோபுரத்தைப் பிரித்துவிட்டார்கள்.

அதே குரோகாவாதான் 1998-இல் திறந்த நம் கேஎல்ஐஏவை, இன்றைய டெர்மினல் 1-ஐ, வரைந்தவர்! காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்று சொல்லி, சாட்டிலைட் கட்டடத்தின் நடுவில் நிஜ மரங்களையே நட வைத்த மனிதர். அவர் 2007-இல் காலமானார். அவர் கண்டுபிடித்த படுக்கைப் பெட்டி, அவர் கட்டிய விமான நிலையத்தின் பக்கத்து முனையத்தில் 2014-இல் வந்து சேர்ந்தது. இதை அவர் பார்க்கவில்லையே என்று எனக்கு அங்கலாய்ப்பு. அங்கே படுத்திருந்த யாரையாவது எழுப்பிச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

அந்த சாட்டிலைட் கட்டடத்திலேயே இன்னொரு வேடிக்கை உண்டு: சாமா சாமா எக்ஸ்பிரஸ். வேறு நாட்டுக்கு விமானம் மாறுகிறவர்களுக்கான ஹோட்டல், குடிநுழைவுச் சோதனைக்கு உள்பக்கம். அங்கே தங்குகிறவர் மலேசியாவில் குளிக்கிறார், தூங்குகிறார், ஆனால் சட்டப்படி மலேசியாவுக்குள் நுழையவே இல்லை. டெங்கில்காரர் ஆசைப்பட்டாலும் போய்த் தங்க முடியாது, வெளிநாட்டு டிக்கெட் எடுத்தால் தவிர. பக்கத்து ஊர்க்காரனுக்கு எட்டாத ஹோட்டல்!

விமானமே வேண்டாம் என்பவர்கள் சிப்பாங் பக்கம் பாகான் லாலாங் கடற்கரைக்குப் போகலாம். அவானி கோல்ட்கோஸ்ட் விடுதி கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் பனைமர வடிவம். மட்டைக்கு மட்டை வில்லாக்கள், போய்வர பக்கி வண்டி. விளம்பரப் படத்தில் அடியில் நீலக் கடல். நேரில் மலாக்கா நீரிணையின் நிறம் தேத்தண்ணீர்தான். வற்றும் நேரத்தில் சேறு தெரியும். எனக்கு அந்தச் சேறுதான் பிடித்தது. நண்டும் கொக்கும் ஓசியில் நிகழ்ச்சி நடத்தும். மாலத்தீவை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முகம் சுருங்கித் திரும்புவார்கள். சொல்லிவிட்டேன்.

இத்தனை படுக்கைகளும் வருவதற்கு முன் இந்த வட்டாரம் செம்பனையும் ரப்பருமாக இருந்தது. புத்ராஜெயா எழும்பிய நிலத்தில் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம் இருந்தது. அதையும் செட்ஜ்லி, மெடிங்லி, கேலவே தோட்டங்களையும் விட்டு வந்த ஏறக்குறைய 400 குடும்பங்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடியேற்றினார்கள். விரிசல் விட்ட சுவர்களுக்குள் இருந்துகொண்டு, தரை வீடு கேட்டு இருபது ஆண்டுக்கு மேல் போராடினார்கள். ஊரான் தூங்க இத்தனை விதமாக யோசித்த இடத்தில், இவர்களுக்கு நேரான ஒரு சுவருக்கு இவ்வளவு காலம் பிடித்தது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

சரி, போக நினைப்பவர்களுக்கு: பிரிக்பீல்ட்ஸ் ஆள்கள் கேஎல் சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறினால் 33 நிமிடத்தில் டெர்மினல் 2. மூன்று மணி நேர வாடகை ஏமாற்றும். குளித்து, படம் எடுத்து, திரையை இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்ப்பதற்குள் நேரம் போய்விடும். ஆறு மணி நேரம் எடுங்கள். அலாரத்தை அதிர்வில் வையுங்கள், பக்கத்துப் பெட்டிக்காரர் பாவம். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் வெட்கப்படாமல் கீழ் வரிசை கேட்டு வாங்குங்கள்.