ஒரே வீட்டில் இரு சுபாவங்கள்

விநாயக சதுர்த்தியை அடுத்து வரும் நாட்களில் மும்பை நகரெங்கும் ஊர்வலங்களின் முரசொலி எழும். தாராவியின் குறுகிய சந்துகளிலும், மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளிலும் அவ்வொலி நெடுநேரம் அதிரும். இரண்டு நாய்களை வளர்க்கும் வீட்டில் அவ்வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு நாய் வாயிற்படியில் காதை நிமிர்த்தி நின்று வேடிக்கை பார்க்கும். மற்றொன்று கட்டிலுக்கடியில் ஒடுங்கி நடுங்கும். இரண்டும் ஒரே தாய் ஈன்ற குட்டிகளாகவும் இருக்கலாம். முதல் நாயை நல்ல நாய் என்றும், இரண்டாவதை உதவாத நாய் என்றும் வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுவதுண்டு. அத்தீர்ப்பு பிழையானது, சில சமயங்களில் ஆபத்தானதும் ஆகும்.

வெள்ளம் காட்டிய வேற்றுமை

நாய்களின் சுபாவ வேற்றுமையை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடியாக விளங்கியவர் ருஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லாவ். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர் அவர். ஓர் ஒலியையோ ஒளியையோ உணவுடன் பலமுறை இணைத்துக் காட்டினால், பின்னர் அவ்வடையாளம் ஒன்றினாலேயே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை அவர் விரிவாக ஆராய்ந்தார்.

1924-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் புகுந்தது. பாவ்லாவின் நாய்க்கூண்டுகளிலும் நீர் ஏறியது. கூண்டுகளின் கதவுகள் தாழ்வாக இருந்தமையால், மேலே நீந்திக்கொண்டிருந்த நாய்களை நீரினுள் அமிழ்த்தி வெளியே இழுத்தே காப்பாற்ற வேண்டியிருந்தது. வெள்ளம் வடிந்த பின்னர் சில நாய்கள் ஒன்றும் நேராததுபோல் பழைய பயிற்சியைத் தொடர்ந்தன. வேறு சில தாம் கற்றவற்றை இழந்திருந்தன. அவற்றுள் ஒன்று தேறிய பின்னரும், கதவின் கீழே சிறிது நீரைக் கசியவிட்டதும் மீண்டும் நிலைகுலைந்தது. இருப்பிடமும் நேர்ந்த ஆபத்தும் ஒன்றாயிருந்தும், விளைவு வெவ்வேறாயிற்று.

பாவ்லாவ் நாய்களின் நரம்பியல்பை நான்கு வகைகளாகப் பிரித்தார்: துடிப்பும் சமநிலையும் உடையவை, அமைதியும் உறுதியும் உடையவை, எளிதில் கிளர்ச்சி கொள்பவை, எளிதில் அஞ்சித் தளர்பவை. இன்றைய ஆராய்ச்சியாளர் எல்லா நாய்களையும் இந்நான்கு வகைகளுள் அடக்குவதில்லை. அச்சம், துணிவு, பழகுந்தன்மை முதலிய இயல்புகள் ஒவ்வொரு நாயிடத்தும் வெவ்வேறு அளவில் கலந்திருப்பதாகவே கொள்கின்றனர்.

பிறப்பும் வளர்ப்பும்

இனத்தை அறிந்தால் நாயின் குணத்தையும் அறிந்துவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போர் தந்த விவரங்களையும், 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதியையும் ஆராய்ந்தது. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேற்றுமையில் ஏறக்குறைய 9 சதவிகிதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. பரம்பரையின் பங்கு இல்லையென்பது இதன் பொருளன்று. ஒரே இனத்துக்குள்ளும் ஒவ்வொரு நாயும் தனித்தன்மை உடையது என்பதே பொருள். மேலும், தெருவில் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குத் தந்தை வேறு வேறாக இருப்பதும் உண்டு.

பிறப்பைப் போலவே இளமைப் பருவமும் முக்கியமானது. அமெரிக்காவின் ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், புல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1965-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். ஏறத்தாழ 3-ஆவது வாரம் முதல் 12-ஆவது வாரம் வரை உள்ள காலமே குட்டி பிறருடன் பழகக் கற்கும் பருவம் என்று அவர்கள் கண்டனர். அங்கு நடந்த மற்றொரு பரிசோதனையில், 14 வாரங்கள் வரை மனிதருடன் பழகாமல் வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சி விலகின. ஆகவே ஒரு வீட்டின் இரு நாய்களுள் ஒன்று 7 வாரக் குட்டியாகவும் மற்றொன்று நான்கு மாதம் கடந்த பின்னரும் வந்திருந்தால், அவற்றின் சுபாவம் வேறுபடுவதில் வியப்பில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

இரு நாய்களுக்கும் தனித்தனிக் கிண்ணங்களில், சற்றுத் தொலைவில் உணவு வைத்தல் வேண்டும். அஞ்சும் நாய்க்குப் பிறர் தீண்டாத ஓர் ஒதுக்கிடம் இருத்தல் நலம். ஒற்றை அறை வீட்டில் கட்டிலின் அடிப்பகுதியே அதற்குப் போதும். அங்கு ஒளிந்த நாயை வெளியே இழுப்பதும் அடிப்பதும் அச்சத்தை வளர்க்குமேயன்றித் தணிக்கமாட்டா. துணிவுள்ள நாய்க்கும் தனியே பயிற்சி அளிக்க வேண்டும். அதன் குறும்பு குணக்கேடன்று. புதிய குட்டியைத் தடுப்பூசிகள் முடியும் முன்னர்த் தெருவில் விடாமல், கையில் ஏந்திச் சென்று சந்தடியையும் புதிய மனிதரையும் சிறிது சிறிதாகப் பழக்கலாம்.

பள்ளியிலும் களத்திலும்

குரைக்கும் நாயைக் கண்டு குழந்தைகள் விலகுகின்றனர்; ஒடுங்கிக் கிடக்கும் நாயைச் சாது என்று எண்ணித் தழுவ முற்படுகின்றனர். தப்பிக்க வழியற்று அஞ்சும் நாய் கடிக்கக்கூடும். வாலை ஒடுக்குதல், காதை மடித்தல், முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல், கண்ணின் வெண்மை தெரியப் பார்த்தல், அசைவற்று உறைந்து நிற்றல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள். ஆசிரியர் இவற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். மாணவர் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள இரு நாய்களைத் தொலைவிலிருந்தே ஒரு வாரம் கவனித்து, ஒலி, புதியவர் வருகை, உணவு ஆகியவற்றின்போது ஒவ்வொன்றும் நடந்துகொள்வதைக் குறித்து வருவது சிறந்த இயற்கைப் பாடமாகும்.

மனிதருக்கு நேரும் வெறிநாய்க்கடி நோயில் 99 சதவிகிதம் வரை நாய்களாலேயே வருவது. அதற்குப் பலியாவோருள் ஏறத்தாழ 40 சதவிகிதத்தினர் 15 வயதுக்குட்பட்டோர். எனவே களப்பணியாளர் ஒரு வீட்டிற்குத் தடுப்பூசி போடச் செல்லும்போது, ஓடிவந்து வாலாட்டும் நாயுடன் திரும்பிவிடலாகாது. “இன்னொரு நாய் உள்ளதா?” என்று கேட்டறிந்து, ஒளிந்திருக்கும் நாய்க்கும் தவறாது ஊசி போடச் செய்தல் வேண்டும். கடி நேர்ந்துவிட்டால், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசாமல், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

துணிந்து முன்வரும் நாயின் இயல்பை எவரும் எளிதில் அறிவர். ஒதுங்கி நிற்கும் நாயின் இயல்பையும் அறிந்து அதற்கேற்ப நடப்பது, அந்நாய்க்கும் அவ்வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒருங்கே பாதுகாப்பாகும்.