புல்தரை விமானத் தளங்கள்

விமான நிலையம் என்றதும் நீண்டதொரு கான்கிரீட் ஓடுபாதையே இன்று மனக்கண்முன் தோன்றும். ஆயினும் இந்தியாவில் விமானத் தபால் போக்குவரத்து புல்தரையையும் வெறும் மண்தரையையும் நம்பியே தொடங்கிற்று. 1928-ஆம் ஆண்டில் பம்பாயை அடுத்த ஜுஹூவில் ஏற்பட்ட தளம் கடலோரத்துச் சமநிலமேயன்றி வேறன்று.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபாலுடன் ஜுஹூவில் வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். இரவில் பறப்பதற்கு வசதி இல்லாமையால் பெல்லாரியில் தங்க நேர்ந்தது. பெல்லாரிக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோடு ஒன்று வரைந்தால் அது சுமார் 430 கிலோமீட்டர் நீளமிருக்கும். கடப்பை, சித்தூர்ப் பகுதிகளின் மலைகளைக் கடந்து பிச்சாட்டூருக்கு அண்மையில் செல்லும். வானொலித் துணையற்ற ஒற்றை இயந்திர விமானம் அம்மலைகளின்மேல் பழுதுற்றால், சில கிலோமீட்டர் தொலைவுக்குள் சமதரை கிடைத்தாலன்றி விமானிக்கு உய்வில்லை. திறந்த வெளி ஒவ்வொன்றும் அந்நாளில் அத்துணை மதிப்புடையதாயிருந்தது.

புல்தரையை விரும்பியதற்குச் சிக்கனம் மட்டுமே காரணமன்று. இலேசான விமானம் காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டும். பக்கவாட்டுக் காற்று அதனை எளிதில் புரட்டிவிடும். அகன்ற புல்வெளியிலோ காற்று எத்திசையில் வீசினும் அதற்கேற்ப ஓடலாம். மேலும் அக்கால விமானங்கள் பலவற்றின் வாலில் சக்கரத்திற்குப் பதிலாகச் சறுக்குக் கட்டை ஒன்றே இருந்தது. அது தரையைக் கீறிச் செல்வதே வேகத்தைத் தணிக்கும் தடையாயிற்று. கெட்டித் தளத்தில் இப்பயன் கிட்டாது.

இத்தகைய தளத்திற்கு அறுகு மிகவும் ஏற்றது. படரும் தண்டுகளும் நிலத்தடித் தண்டுகளும் பின்னிப் பிணைந்து மண்ணை வலைபோல் கட்டுகின்றன. இயந்திரத்திற்குக் கேடான புழுதியும் அடங்குகின்றது. ஆனால் நீர் தேங்கினால் புல்லும் உதவாது. மண் துகள்களின் இடைவெளிகளில் நீர் நிரம்பியதும் அவை ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்லும், சக்கரம் புதையும். பெல்லாரி வட்டாரத்தில் மிகுந்துள்ள கரிசல் மண் இன்னும் தொல்லை தருவது: மழையில் உப்பிக் களியாகும், கோடையில் பிளந்து வெடிக்கும். ஆகவே தளத்திற்குச் சரிவும் வடிகாலும் இன்றியமையாதன.

ஜுஹூவில் மழைக்காலத்தில் கடல்நீரே தளத்தினுள் புகுந்துவிடும். ஆகவே டாடா நிறுவனத்தார் ஆண்டுதோறும் அப்பருவத்தில் விமானங்களையும் விமானிகளையும் மெக்கானிக்குகளையும் பூனாவுக்கு மாற்றி, எரவாடாச் சிறையருகே இருந்த மைதானத்தைத் தளமாகப் பயன்படுத்தி வந்தனர். தபால் நிற்காமைக்கு இந்த இடமாற்றமே காரணம் என்பது எளிதில் மறக்கப்படும் செய்தியாகும்.

இலங்கையிலும் இவ்வாறே நடந்தது. 1935 நவம்பர் 27-ஆம் தேதி இரத்மலானைத் தளத்தில் முதன்முதலாக இறங்கியது சென்னை விமானச் சங்கத்தின் பயிற்சியாளர் ஓட்டிச் சென்ற 'பஸ் மாத்' விமானமே.

அவ்விமானம் முழுச் சுமையுடனும் ஒரு டன்னுக்குக் குறைவாகவே நிறுத்தது. போருக்குப் பின் வழக்கிற்கு வந்த டக்கோட்டாவோ 11 டன்னுக்கு மேற்பட்டது. டக்கோட்டா காய்ந்த புல்லில் இறங்க வல்லதாயினும், மாரியிலும் கோடையிலும் நாள் தவறாமல் அப்பளுவைத் தாங்க அறுகின் வேரால் இயலவில்லை. காற்றுக்கேற்பத் திசை மாற்றும் வசதியைக் கைவிட்டு, ஒரே திசையில் நீண்ட கெட்டிப் பாதைகளை அமைக்கத் தலைப்பட்டனர். புல்தரைகள் பயிற்சி விமானங்களுக்கும் இயந்திரமற்ற சறுக்கு விமானங்களுக்கும் உரியனவாக ஒதுங்கின. டயர் தேய்வு குறைவு என்பதால் இவை இன்றும் அவற்றை விரும்புகின்றன.