இன்ஜினைப் பிரிக்கும் முன்

ராமநாதபுரம் கடற்கரையில் பத்து வருடம் மீன் ஏற்றிய பிக்கப் வண்டி ஒரு நாள் காலையில் மக்கர் செய்தால், சந்தேகம் விழும் வரிசை ஏறக்குறைய எல்லா ஷெட்டிலும் ஒன்றுதான். முதலில் பேட்டரி. புதிது போட்டால் சில நாள் ஓடும், பிறகு மறுபடியும் ‘டிக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடும். அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் மாற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் டைனமோ. இத்தனைக்கும் செலவழித்த பிறகு, “இன்ஜினைப் பிரிச்சுப் பாத்துரலாம்ணே” என்ற வார்த்தை வண்டிக்காரர் காதில் விழும். ஊரே குட்டி யானை என்று கூப்பிடும் டாடா ஏஸ் ஆகட்டும், தோஸ்த், பொலேரோ பிக்கப் ஆகட்டும், இதற்கு விலக்கில்லை. மெக்கானிக்கின் கைத்திறனை இங்கே குறை சொல்வதற்கில்லை. அவர் தேடத் தொடங்கும் இடம்தான் தவறு. மதுரையிலோ கோவையிலோ அந்த வரிசை ஓரளவு பலிக்கலாம். பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் முதல் சந்தேகம் உப்பின் மேல்தான் விழவேண்டும்.

இந்த உப்புக் காற்றின் குணம் எல்லோருக்கும் தெரியும் என்றாலும், அதன் வேகம் தெரிந்தவர்கள் குறைவு. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று அழைப்பது, உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து அரிமானத்தை அளக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது காரணத்தோடுதான். ஒருபக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் உப்போடுதான் வரும். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு விடாமல் வண்ணம் பூசிக்கொண்டே இருந்தும், 2022 டிசம்பரில் பாதுகாப்பு கருதி ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிவகைப் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும், அது தண்ணீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கிவிடும். அதனால்தான் மழையே பெய்யாத மாதத்திலும் இங்கே நிற்கும் வண்டியின் அடிப்பாகம் உண்மையில் காய்வதே கிடையாது. போதாக்குறைக்கு மீன் வண்டி கடலைத் தன்னோடே ஏற்றிக்கொண்டு போகிறது. ஐஸ் கரைந்த மீன் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி, சேசிஸ் மேலும், பல வண்டிகளில் பக்கவாட்டில் திறந்தாற்போல் இருக்கும் பேட்டரி மேலும், ஒயரிங் மேலும் சொட்டியபடியே இருக்கும்.

முதலில் பாதிக்கப்படுவது எர்த். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த ஒயரைத்தான் சொல்கிறேன். போல்ட் இறுக்கமாகவே தெரியும்; அதன் அடியில், ஒயர் முனைக்கும் இரும்புக்கும் நடுவே, துரு ஒரு தாள் கனத்துக்குப் படர்ந்திருக்கும். டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியரோ அதற்கு மேலோ இழுக்கும். அந்தத் துருவின் தடை ஓம் கணக்கில் நூறில் ஒரு பங்குதான் என்றாலும், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஒயரைக் கழற்றி மீட்டரில் ‘பீப்’ வருகிறதா என்று பார்ப்பதால் பயனில்லை. அவ்வளவு சிறிய தடையை சாதாரண மீட்டர் காட்டாது. ஒயர் மாட்டியிருக்கும்போதே, மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் அழுத்திப் பிடித்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட் அளவில் நின்றால் எர்த் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரியையும் மோட்டாரையும் விட்டுவிட்டு, அந்த போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். பாசிட்டிவ் பக்கத்தையும் இதேபோல் பார்க்கலாம். மீட்டர் இல்லாதவர்களுக்கும் வண்டியே அடையாளம் காட்டும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா, பின்விளக்கு அணைகிறதா? அந்த விளக்குகளின் எர்த் போய், மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் அடுத்த விளக்கின் வழியே போகிறது என்று அர்த்தம். எர்த் முழுக்க அற்றுப்போனால் செல்ஃப் மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும்; கேபிள் கைசுடும் அளவுக்குக் காயும். கேபிள் மாற்றிய பல வண்டிகளில் கோளாறு கேபிளில் இருந்திருக்காது.

இன்ஜின் நோய் என்று நினைக்கும் இன்னொன்றிலும் இதே கதைதான். ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் நின்றுபோகும் வண்டி. கை பம்ப் அடித்தால் மறுபடி ஓடும். நாசில் போச்சு, பம்ப்பை கேலிபரேஷனுக்கு அனுப்பணும் என்று பேச்சு தொடங்கிவிடும். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் போகும் இரும்புக் குழாயில் டீசலை இழுப்பது உறிஞ்சல்தான், தள்ளல் இல்லை. அதில் துரு ஊசிமுனை அளவு ஓட்டை போட்டாலும் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தெரியாததால் யாரும் குழாயைச் சந்தேகிப்பதில்லை. ஃபில்டருக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடிபோன்ற தெளிவான டியூப்பை மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரிந்துவிடும்.

“வண்டியைக் கெடுப்பது உப்பு இல்லை, ஓவர்லோடு” என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. முக்கால் டன்னுக்குச் செய்த வண்டியில் ஐஸும் மீனுமாக அதற்கு மேல் ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை ஒடியத்தான் செய்யும். ஆனால் எந்த இடத்தில் ஒடிகிறது என்று பாருங்கள். காய்ந்த ஊரில், ஓர் எல்லைக்குள் இருக்கும் சுமையை எஃகு எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். உப்பு நீர் படும் எஃகுக்கு அப்படியொரு பத்திரமான எல்லையே கிடையாது. பட்டைகளுக்கு நடுவே ஈரம் தேங்கி, துரு குழி பறித்து, விரிசல் அந்தக் குழியிலிருந்து தொடங்கும். சுமை கடைசி அடியை அடிக்கிறது, அவ்வளவுதான். சேசிஸும் அப்படியே. சிறு சுத்தியலால் நீளவாட்டில் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே அரித்த இடம் ‘தப்’ என்று அடங்கும். எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் முன் அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடிக்கும் வழக்கம் கண்ணை ஏமாற்றும், சுத்தியலை ஏமாற்றாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் புதுக் கறுப்பைக் கண்டால் விலையைப் பற்றிப் பேசும் முன் சுத்தியலைக் கேளுங்கள்.

பிரேக்கில் துரு உயிர் விஷயம். வண்டி ஒருபக்கம் இழுத்தால், கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாமலே வித்தியாசம் தெரியும். அதிகம் கொதிப்பது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பக்கம். சில்லென்று இருப்பது பிடிக்கவே செய்யாத பக்கம். வீல் சிலிண்டர் துருவேறி இறுகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். செதில் செதிலாக உரியும் பிரேக் பைப்பை எம்-சீல் வைத்தோ துண்டு ஒட்டியோ ஓட்டுவதை எந்தச் சிக்கனமும் நியாயப்படுத்தாது.

இதையெல்லாம் சொன்னால், இன்ஜினுக்கு நோயே வராதா என்ற கேள்வி வரும். வரும், அதன் அடையாளங்களும் தனி. கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் கூடுதலாகப் பாய்கிறது. முதலில் ஏர் ஃபில்டர். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெண்புகை சூடேறிய பிறகும் அடங்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா பார்த்தால் உறுதியாகிவிடும். கேஸ்கட் போகக் காரணம் பெரும்பாலும் சூடு. சூட்டுக்குக் காரணங்களில் ஒன்று உப்பு தின்று உதிர்ந்த ரேடியேட்டர் தகடுகள். இன்னொன்று, கூலன்ட்டுக்குப் பதில் ஊற்றிய உவர்க் கிணற்றுத் தண்ணீர். கடைசியில் அங்கேயும் உப்பு வந்து நிற்கிறது.

அனுபவசாலிக்கு மீட்டர் எதற்கு, காது போதாதா என்பார்கள். பேரிங் உறுமலையும், கியர் விடும்போது யூ.ஜே. கிராஸ் ‘டக்’கென்று இடிப்பதையும் காது பிடித்துவிடும், அதில் மீட்டருக்கு வேலையில்லை. அரை வோல்ட் இழப்புக்குத்தான் சத்தம் கிடையாது. சில நூறு ரூபாய் மீட்டரும் பத்து நிமிடமும் தேவைப்படுவது அதற்குத்தான். பழசை விற்றுவிட்டுப் புதிது வாங்குவதும் தப்பிக்கும் வழியாகத் தெரியவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் சென்சார்களும் கனெக்டர்களும் கூடியிருக்கின்றன. உப்பு நுழைய வாசல்களும் கூடியிருக்கின்றன.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் வண்டிகளும் ஓய்ந்து நிற்கும் காலம் அது, உப்புக்கு மட்டும் ஓய்வில்லாத காலம். நிறுத்தும் முன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உவர்த் தண்ணீரில் கழுவினால் உப்பைத்தான் பூசுகிறீர்கள். நன்றாகக் காயவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தினால் ஜூனில் லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள்.