கவனம் எங்கே போகிறது?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மைக்கேல் பெல்ப்ஸ் என்றொரு சிறுவன். வகுப்பில் ஓரிடத்தில் உட்காரவே மாட்டான். 9 வயதில் அவனைச் சோதித்த மருத்துவர், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) என்றார். ஆனால் நீச்சல் போட்டி என்றால், தன் முறை வரும்வரை அதே பையன் மணிக்கணக்கில் காத்திருப்பான்!

அப்படியானால் அவனுக்குக் கவனம் உண்டுதானே? நிச்சயமாக உண்டு. பிடித்த வேலையில் தானாக ஒட்டிக்கொள்ளும் கவனத்தை, பிடிக்காத வேலைக்குத் திருப்புவதுதான் பெரும்பாடு. திருப்பும் பொறுப்பு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்கு. டோபமின் போன்ற வேதிப்பொருள்கள் அதற்கு உதவுகின்றன. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இந்த ஏற்பாடு கொஞ்சம் வேறு மாதிரி இயங்குகிறது. அவர்களுடைய மூளையின் மேலுறை, மற்றவர்களைவிட ஏறக்குறைய 3 ஆண்டு தாமதமாக முதிர்வதை 2007-இல் ஆய்வாளர்கள் ஸ்கேனில் கண்டார்கள்.

இதனால் அவர்களுக்கு வகுப்பில் என்ன நடக்கும் தெரியுமா? "கணக்கு நோட்டை எடு, தேதி போடு, 42-ஆம் பக்கத்தில் மூன்றாவது கணக்கைச் செய்" என்கிறார் டீச்சர். நோட்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டால் காணாமல்போன ரப்பர் கிடைக்கிறது. அவ்வளவுதான்! பக்கம், கணக்கு எல்லாம் மறந்துபோச்சு. இதற்குப் போய் 'சோம்பேறி' என்று திட்டுவது அநியாயம்.

மைக்கேலின் அம்மா ஓர் ஆசிரியை. கணக்கே பிடிக்காத மகனுக்கு, 'நொடிக்கு 3 மீட்டர் நீந்தினால் 500 மீட்டர் கடக்க எவ்வளவு நேரம்?' என்பதுபோல நீச்சல் கணக்காகவே கொடுக்க ஏற்பாடு செய்தார். பின்னாளில் அந்த மகன் ஒலிம்பிக்கில் 23 தங்கம் வென்றார். எல்லாரும் சாம்பியன் ஆகவேண்டியதில்லை. வீட்டுப்பாடம் அழாமல் முடிந்தாலே பெரிய நிம்மதி!

அதற்கு வழிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லலாம். அதைத் துண்டுச்சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டலாம். சிறிது நேரம் படித்ததும் எழுந்து ஓடிவிட்டு வரலாம். சிலருக்கு மருத்துவர் மாத்திரையும் தருவார்.

துறுதுறுவென்று இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஏ.டி.எச்.டி. என்று நினைக்காதீர்கள். அமைதியாக ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும் பிள்ளைக்கும் இருக்கலாம். பெண் குழந்தைகளிடம் இதைப் பெரியவர்கள் பல நேரங்களில் கவனிப்பதே இல்லை. எவ்வளவு முயன்றும் மனம் நழுவிக்கொண்டே இருந்தால், அம்மா அப்பாவிடமோ டீச்சரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். குழந்தைகள் மனநல மருத்துவர் விசாரித்துப் பார்த்துச் சொல்வார்.