ரேஸ் கோர்ஸ் சாலை எழுப்பிய கேள்வி

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தனியார் பேருந்தின் அடியில் சிக்கி ஒரு கட்டுமானத் தொழிலாளி இறந்தார். தமிழ்நாட்டுக்காரர், வயது 33. சில நிமிடங்களில் கூட்டம் கொந்தளித்தது. போலீஸ் வாகனங்களும் ஆம்புலன்சும் தீக்கிரையாயின. சுமார் 300 பேர் கலவரத்தில் இறங்கியதாகக் கணிக்கப்பட்டது. 1969க்குப் பிறகு அந்நாடு இப்படியொன்றைக் கண்டதில்லை.

போலீசார் துப்பாக்கியால் சுடவில்லை. ஆனால் 25 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 50க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர்.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்தைப் பற்றிய தவறான புரிதலும் மதுவும் முக்கியக் காரணங்கள் என்றது. வேலைச் சூழல் மீதான அதிருப்தி காரணமல்ல என்றும் முடிவு செய்தது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

தொழிலாளர் நல அமைப்புகளின் கவலைகளோ வேறு: ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தால் ஏறிய கடன், நிலுவைச் சம்பளம், லாரியின் பின்புறத்தில் பயணம்.

குறைகளைத் தெருவில் சொல்ல எல்லா நகரங்களிலும் இடமில்லை. 2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு போலீசாரால் கொல்லப்பட்டபோது உலக நகரங்களில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனர். ஆனால் சிங்கப்பூரில் போலீஸ் அனுமதியின்றிப் பொது இடத்தில் போராடுவது குற்றம். தஞ்சோங் பகார் பகுதிக்கு அருகிலுள்ள ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. தஞ்சோங் பகாரின் குவோக்கோ டவர் போன்ற கோபுரங்களை எழுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அந்த விலக்கு கிடையாது. தன் குறையை அவர் எங்கே சொல்வது என்பதற்கு நகரம் பதில் தந்தாக வேண்டும்.